எந்த இடத்தில் ஆட வைத்தீர்கள்?

1962 செப்டம்பர் 4. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் கால்பந்து இறுதி ஆட்டம். ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நிறைந்த அரங்கில் இந்தியாவும் தென் கொரியாவும் மோதின. கூட்டத்தில் பெரும்பகுதி இந்தியாவுக்கு எதிராகக் கத்திக்கொண்டிருந்தது. ஆட்டம் முடிந்தபோது கணக்கு 2-1. தங்கம் இந்தியாவுக்கு. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு நமக்குத் தங்கம் கிடைக்கவே இல்லை. 2024 இல் வந்த 'மைதான்' இந்திப் படத்தில் பலரும் பார்த்தது அந்த அணியைத்தான்.

அந்தப் பதினொருவரில் இரண்டு பேர் இந்தக் கட்டுரைக்கு வேண்டியவர்கள். ஒருவர் கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்தவர், ஆறடிக்கு மேல் உயரம். 1953 இல் ராணுவத்தில் சேர்ந்து, நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்கு ஆடினார். தொடக்கத்தில் அவர் ஆடிய இடம் சென்டர் ஃபார்வர்டு. கோல் அடிக்க வேண்டிய ஆள், பிறகு கோலைத் தடுக்கும் ஆளாக மாறினார். அவர் இருந்த காலத்தில் அந்த அணி 1955, 1958 ஆகிய இரண்டு ஆண்டுகளில் டூரண்ட் கோப்பையை வென்றது. 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக் அணிகளில் இடம்பெற்றார். 1967 இல் அர்ஜுனா விருது பெற்றார்.

இன்னொருவர் ஜர்னைல் சிங். நாட்டின் மிகச் சிறந்த ஸ்டாப்பர் பேக். தாய்லாந்துடனான ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம், அரையிறுதியில் அவரைத் தடுப்பாட்டத்திலிருந்து எடுத்து சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார். தெற்கு வியட்நாமுக்கு எதிரான அந்த ஆட்டத்தில் ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். இறுதி ஆட்டத்தின் 20 ஆவது நிமிடத்தில் இன்னொன்று.

ஒருவர் முன்னாலிருந்து பின்னால் வந்தவர். மற்றவர் பின்னாலிருந்து முன்னால் போனவர். இருவருக்கும் இடமாற்றம் பலித்தது. ஏன் பலித்தது, யாருக்குப் பலிக்கும், எத்தனை நாளில் பலிக்கும் என்பதைப் பற்றி அந்தக் காலத்தில் பயிற்சியாளரின் அனுபவத்தைத் தவிர வேறு துணை இல்லை. இன்று கண் அசைவு ஆய்வு, எலும்பு வளர்ச்சி ஆய்வு, மூளை ஆய்வு எல்லாம் சேர்ந்து ஓரளவு தெளிவான விடையைத் தருகின்றன.

அந்த விடை அதிகம் தேவைப்படுவது பெரிய கிளப்புகளுக்கு அன்று. ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் வழியில், சேத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் தேவதானம் போன்ற ஊர்களின் பள்ளி மைதானங்களுக்குத்தான் தேவை. குறுவட்டப் போட்டிக்கு அணி எடுக்கும் பி.டி. சாருக்கு உதவி ஆள் கிடையாது. கையில் இருப்பது ஒரு விசில், இரண்டு பந்து, முப்பது நாற்பது பையன்கள். வேகமாக ஓடுபவன் ஃபார்வர்டு, உயரமானவன் பேக், எதற்கும் சரிவராதவன் கோலி என்று பிரித்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்க வேண்டிய நிலை. அந்தப் பத்து நிமிடப் பிரிப்பு சில பையன்களுக்குப் பள்ளி முடியும்வரை ஒட்டிக்கொள்கிறது. இரண்டு ஆட்டம் சொதப்பினால் 'இவனுக்கு ஃபுட்பால் வராது' என்ற தீர்ப்பும் வந்துவிடுகிறது.

இடத்துக்கு ஒரு கணக்கு

கால்பந்தில் பதினொருவரும் ஒரே பந்தைத் துரத்துவதுபோலத் தெரியும். உண்மையில் ஒவ்வோர் இடமும் மூளைக்கும் உடம்புக்கும் வேறு வேறு கணக்கைக் கொடுக்கிறது.

சென்டர் ஃபார்வர்டு பெரும்பாலும் எதிரணி கோலுக்கு முதுகைக் காட்டியபடி பந்தை வாங்குகிறான். பின்னால் ஒரு தடுப்பாட்டக்காரன் மூச்சு விடும் தூரத்தில் நிற்கிறான். அவனை அவன் பார்க்க முடியாது, உடம்பில் படும் அழுத்தத்தை வைத்தே எந்தப் பக்கம் நிற்கிறான் என்று உணர வேண்டும். ஸ்டாப்பருக்கு முழு ஆட்டமும் கண் முன்னால் நடக்கிறது. அவன் செய்ய வேண்டியது முன்கூட்டி ஊகிப்பது. ஓரத்தில் ஆடும் விங் ஆட்டக்காரனுக்கும் லெஃப்ட் பேக்குக்கும் ஒரு பக்கம் எல்லைக்கோடு. அந்தப் பக்கத்திலிருந்து யாரும் பந்தைப் பறிக்க வர மாட்டார்கள். கவனிக்க வேண்டிய பரப்பு பாதியாகிவிடுகிறது. நடுவில் ஆடும் மிட்ஃபீல்டருக்கு நாலு பக்கமும் ஆள். காலியான புறவழிச் சாலையில் வண்டி ஓட்டுவதற்கும், திருவிழா நாளில் ராஜபாளையம் பேருந்து நிலையத்துக்குள் வண்டியைத் திருப்புவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

எனவே ஒரு பையன் பந்தை அடிக்கடி இழக்கிறான் என்றால் அதற்குள் குறைந்தது நான்கு காரணங்கள் ஒளிந்திருக்கலாம். பந்தை நிறுத்தத் தெரியாமல் இருக்கலாம். நிறுத்தத் தெரிந்தும், சுற்றி யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் இருக்கலாம். பார்த்தும், முதுகுப் பக்க அழுத்தத்தைத் தாங்கும் உடல்பலம் இன்னும் வராமல் இருக்கலாம். எல்லாம் இருந்தும், மூச்சு வாங்கி முடிவெடுக்கத் தாமதமாகலாம். முதல் குறை எந்த இடத்துக்குப் போனாலும் கூடவே வரும், அதைப் பயிற்சியால்தான் சரிசெய்ய வேண்டும். மற்ற மூன்றும் இடம் மாறினால் பாதிக்கு மேல் குறைந்துவிடக்கூடியவை.

இத்தாலியின் ஆந்த்ரேயா பிர்லோ இதற்குத் தெளிவான சான்று. கோலுக்கு அருகில், ஃபார்வர்டுகளுக்குப் பின்னால் ஆடும் ஆட்டக்காரராக இன்டர் மிலான் அணியில் அவருக்கு இடம் நிலைக்கவில்லை. 2001 இல் கடனாக பிரெஷா அணிக்குப் போனார். அங்கே அந்த இடத்தில் ரொபர்த்தோ பாஜ்ஜோ இருந்தார். பயிற்சியாளர் கார்லோ மஸ்ஸோனே, பிர்லோவைத் தடுப்பாட்ட வரிசைக்குச் சற்று முன்னால் வரை பின்னுக்கு இழுத்தார். அங்கே அவரை நெருக்க ஆள் குறைவு, பார்க்க நேரம் அதிகம், நீண்ட பாஸ் கொடுக்க முழு மைதானமும் முன்னால். அதே கால், அதே மூளை. ஐந்தே ஆண்டுகளில், 2006 இல், உலகக் கோப்பை வென்ற அணியின் மையமாக இருந்தார்.

பந்து வருவதற்கு முன்னால்

நார்வேயைச் சேர்ந்த கெயிர் யூர்டெட் என்ற ஆய்வாளர், ஆட்டக்காரர்களின் கால்களை விட்டுவிட்டுத் தலைகளைப் படம்பிடித்தார். பந்து தன்னிடம் வருவதற்கு முந்தைய பத்து விநாடிகளில் ஒருவர் எத்தனை முறை பந்திலிருந்து முகத்தைத் திருப்பிச் சுற்றிலும் பார்க்கிறார் என்று எண்ணினார். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் மிட்ஃபீல்டர்களை ஆராய்ந்து 2013 இல் அவர் வெளியிட்ட முடிவில், அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்களின் பாஸ்கள் சரியாகப் போய்ச் சேரும் விகிதம் அதிகமாக இருந்தது. முதலிடத்தில் இருந்தவர் ஃபிராங்க் லாம்பார்டு. விநாடிக்கு 0.62 முறை. அதாவது பத்து விநாடிக்குள் ஆறு தடவை தலை திரும்பியிருக்கிறது.

இந்தப் பழக்கம் ஓட்ட வேகத்தைப் போல வெளியே தெரிவதில்லை. ஆளெடுக்கும் நாளில் யாரும் அதைப் பார்ப்பதும் இல்லை. வேகம் குறைவாக இருந்ததால் ஓரத்தில் தடுமாறும் ஒரு பையன், பந்து வருவதற்கு முன்பே நாலு முறை திரும்பிப் பார்க்கிறான் என்றால் அவனுடைய இடம் நடு மைதானம். மாறாக, மின்னல் வேகத்தில் ஓடினாலும் பந்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவன் நடுவில் திணறுவான். அவனை எல்லைக்கோட்டுப் பக்கம் நிறுத்தினால் அந்தக் குறை பாதி மறைந்துவிடும். சுற்றிப் பார்ப்பதைப் பயிற்சியால் வளர்க்கவும் முடியும். ஆனால் அது வளரும்வரை அவன் நம்பிக்கை உடையாமல் ஆட ஓர் இடம் வேண்டும்.

ஓட்டத்தில் எத்தனை வகை

தொழில்முறை ஆட்டம் ஒன்றில் நடு மைதான ஆட்டக்காரர் 90 நிமிடத்தில் ஏறத்தாழ 11 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுகிறார். ஸ்டாப்பர்கள் 10 கிலோமீட்டர் அளவில். கோல் கீப்பர் அதில் பாதி. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்து ஓடும் தூரத்தை மட்டும் தனியாக எடுத்தால் ஓரத்து ஆட்டக்காரர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள்.

ஓடுவது என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு திறமைகள் இருக்கின்றன. நம் தசைகளில் மெதுவாகச் சுருங்கி நீண்ட நேரம் களைக்காமல் உழைக்கும் இழைகளும் உண்டு, சட்டென்று சுருங்கி வெடித்துப் பாய வைத்துச் சீக்கிரம் களைக்கும் இழைகளும் உண்டு. எவருக்கு எது எவ்வளவு என்பதில் மரபணுவுக்குப் பெரிய பங்கு. பயிற்சியின் பலன்கூட எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த 'ஹெரிடேஜ்' குடும்ப ஆய்வில், உடற்பயிற்சி பழக்கமில்லாத 481 பேருக்கு 20 வாரம் ஒரே முறையான பயிற்சி கொடுத்தார்கள். 1999 இல் வெளியான முடிவு இது: உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்ச அளவு சராசரியாக நிமிடத்துக்கு 0.4 லிட்டர் கூடியது. ஆனால் சிலருக்கு ஒன்றுமே கூடவில்லை, சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடியது. இந்த வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி குடும்ப வழியில் வந்தது.

எனவே, பத்து முறை பாய்ந்து ஓடிவிட்டுக் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பவனைச் சோம்பேறி என்று சொல்வதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். இவன் மெதுவாக நெடுநேரம் ஓடக்கூடியவனா? அப்படியானால் விங் இவனுக்குப் பொருந்தாத இடம். மேலும் கீழும் ஓயாமல் ஓடி நடுப்பகுதியை நிரப்பும் வேலை பொருந்தலாம்.

காலும் ஒரு கணக்கு. 1998 பிரான்ஸ் உலகக் கோப்பையில் ஆடியவர்களில் பலரை ஆராய்ந்த ஒரு குழு, ஏறத்தாழ 79 சதவீதத்தினர் வலக்கால்காரர்கள் என்று கண்டது. இரண்டு காலையும் சமமாகப் பயன்படுத்துவோர் உலகக் கோப்பை மட்டத்திலேயே அரிது. இடது ஓரத்தில் இடக்கால்காரன் நின்றால், உடம்பைத் திருப்பாமலே பந்தைக் குறுக்கே அனுப்பலாம். எதிராளிக்கு எட்டாத பக்கத்தில் பந்தை வைத்துக்கொண்டும் ஓடலாம். நாற்பது பையன்களில் ஏழெட்டுப் பேருக்கு இடக்கால் இயல்பாக இருக்கலாம். அவர்களில் ஒருவன் வலது பக்கத்தில் தடுமாறிக்கொண்டிருக்கிறானா என்று பார்ப்பதற்கு ஒரு மாலை நேரம் போதும்.

நம் மாநிலத்து எடுத்துக்காட்டு இது. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊரான இரவிபுத்தன்துறையிலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டி, ஜம்ஷெட்பூர் அணிகளில் தாக்குதல் ஆட்டக்காரராகப் பெயர் பெற்றவர். இடக்கால்காரர். 2019-20 பருவத்தில் ஏடிகே அணியின் பயிற்சியாளர் அந்தோனியோ லோபஸ் ஹபாஸ், மூன்று பேர் தடுக்கும் அமைப்பில் சூசைராஜை இடது ஓரம் முழுவதற்கும் பொறுப்பாக்கினார். தடுக்கவும் வேண்டும், ஏறிச் சென்று தாக்கவும் வேண்டும். அந்தப் பருவம் ஏடிகே ஐ.எஸ்.எல். சாம்பியன். நன்றாக ஆடிக்கொண்டிருந்தவருக்கே இன்னொரு இடம் திறந்தது என்றால், தடுமாறுபவனுக்கு ஏன் திறக்கக் கூடாது?

எட்டாம் வகுப்பில் முடிவு செய்யாதீர்கள்

பள்ளி மைதானத்தில் நடக்கும் பெரிய பிழை வயதையும் வளர்ச்சியையும் ஒன்றாக எண்ணுவது. ஆண் பிள்ளைகள் மிக வேகமாக உயரும் காலம் சராசரியாக 14 வயதை ஒட்டி வருகிறது. அந்த உச்சத்தில் ஆண்டுக்கு 9, 10 சென்டிமீட்டர் வரை வளர்வார்கள். பெண் பிள்ளைகளுக்கு அது 12 வயதை ஒட்டி, இரண்டு ஆண்டு முன்னதாகவே வந்துவிடும். இது சராசரிதான். ஒருவனுக்கு 12 வயதிலேயே வரும், அவன் பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு 16 இல் வரும். ஒரே வகுப்பு, ஒரே 14 வயதுப் பிரிவு, ஆனால் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், இன்னொருவன் குழந்தை முகத்தோடு இருப்பான்.

முதலில் வளர்ந்தவன் உயரத்தையும் பலத்தையும் வைத்து எல்லோரையும் தள்ளிவிட்டு கோல் அடிக்கிறான், அதனால் ஃபார்வர்டு ஆகிறான். பந்தைக் கட்டுப்படுத்தவோ சுற்றிப் பார்க்கவோ கற்கும் அவசியம் அவனுக்கு வருவதில்லை. மூன்று ஆண்டு கழித்து மற்றவர்கள் அவனை எட்டிப் பிடிக்கும்போது கையில் எதுவும் மிச்சம் இருக்காது. பிந்தி வளர்பவன், அடிபட்டுக் கீழே விழுந்து, ஆட்டத்தையே விட்டுவிடுகிறான். ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்களே இளையோர் அணிகளில் அதிகம் இடம்பெறுகிறார்கள் என்பதைக் கனடாவின் ஐஸ் ஹாக்கியில் 1985 இல் பதிவு செய்தார்கள். பிறகு ஐரோப்பியக் கால்பந்திலும் அதுவே தெரிந்தது. வயதுக் கணக்கு ஜனவரி 1 இல் தொடங்கினால், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனை விட ஏறக்குறைய ஓராண்டு மூத்தவன். பதின்மூன்று வயதில் ஓராண்டு சிறிய வித்தியாசம் அன்று.

இதோடு, உயரம் கூடும் வேகத்தில் கால்கள்தான் முதலில் நீள்கின்றன. உடலின் மேற்பகுதி பிறகே வளரும். தன் கால் எங்கே முடிகிறது என்ற பழைய கணக்கை மூளை திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நேற்றுவரை அழகாகப் பந்தை உருட்டியவன் சில மாதங்கள் தடுக்கி விழலாம். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஆகிறவர்களைத் தண்டிக்கக் கூடாது. முழங்காலுக்குக் கீழேயும் குதிகாலிலும் வலி வருவதும் இந்தக் காலத்தில்தான். வலியை மறைத்து ஆடும் பையனைத் திறமை குறைந்தவன் என்று எண்ணிவிடும் ஆபத்தும் உண்டு.

இங்கிலாந்தில் பிரீமியர் லீக் 2015 இல் ஒரு சோதனை செய்தது. வயதை விட்டுவிட்டு, வளர்ச்சி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை வைத்துப் பையன்களைப் பிரித்து ஆட வைத்தார்கள். முந்தி வளர்ந்தவர்கள் தங்கள் பலம் செல்லாத இடத்தில் பாஸையும் யோசனையையும் நம்ப வேண்டியதாயிற்று. பிந்தி வளர்பவர்களுக்குத் தங்கள் நுட்பத்தைக் காட்ட முதல்முறையாக வாய்ப்புக் கிடைத்தது. இதற்கு ஆய்வகம் வேண்டாம். பள்ளிச் சுவரில் உயர அளவுகோல் வரைந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறித்தால் போதும். மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தவன் பாய்ச்சல் காலத்தில் இருக்கிறான் என்று பொருள். அவனுக்கு இடம் எதையும் அந்த ஆண்டு நிரந்தரமாக்க வேண்டாம்.

கோலியாக மாறிய ஃபார்வர்டு

மீண்டும் தங்கராஜிடம் வருவோம். 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். ஏறத்தாழ 18 சதுர மீட்டர் பரப்பைக் காக்கும் வேலை கோல் கீப்பருக்கு. பெனால்டி புள்ளி 11 மீட்டர் தூரத்தில். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் உதைத்த பந்து 0.44 விநாடியில் கோட்டைத் தாண்டிவிடும். கண் பார்த்து மூளை பதில் சொல்லவே ஏறத்தாழ 0.2 விநாடி. மீதி நேரத்தில் ஓரத்துக் கம்பம்வரை பாய முடியாது. அப்படியானால் நல்ல கீப்பர்கள் எப்படித் தடுக்கிறார்கள்? பந்து புறப்படும் முன்பே படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

2002 இல் நெதர்லாந்தின் கெர்ட் சவெல்ஸ்பெர்க் குழுவினர், தேர்ந்த கீப்பர்களும் புதியவர்களும் எங்கே பார்க்கிறார்கள் என்று கண் அசைவுக் கருவியால் அளந்தார்கள். புதியவர்களின் பார்வை உதைப்பவரின் உடல், கை, இடுப்பு என்று அலைந்தது. தேர்ந்தவர்கள் குறைவான இடங்களையே பார்த்தார்கள்: உதைக்கும் கால், ஊன்றிய கால், பந்து இருக்கும் இடம்.

உதைத்துப் பழகியவனுக்கு இதில் சாதகம் உண்டா? இத்தாலியின் சல்வத்தோரே அல்யோத்தி குழு 2008 இல் கூடைப்பந்தில் இதைச் சோதித்தது. ஒருவர் பந்தை வீசும் காட்சியைப் பாதியில் நிறுத்தி, பந்து கூடைக்குள் விழுமா என்று கேட்டார்கள். பல ஆண்டுகள் பார்த்துப் பழகிய பயிற்சியாளர்களையும் விளையாட்டுச் செய்தியாளர்களையும் விட, தாங்களே வீசிப் பழகிய ஆட்டக்காரர்கள் முன்னதாகவும் சரியாகவும் சொன்னார்கள். பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே, வீசுபவரின் உடல் அசைவிலிருந்து. தன் உடம்பால் செய்த ஒன்றை மூளை வேறு உடம்பிலும் படிக்கிறது.

ஆனால் அதே ஆய்வாளர்கள் பிறகு கால்பந்தில் வேறொன்றைக் கண்டார்கள். பெனால்டி உதைப்பவரின் உடல் ஒரு பக்கமும் பந்து மறுபக்கமும் போகும்படி காட்சியை மாற்றி அமைத்தபோது, கீப்பர்களை விட உதைத்துப் பழகியவர்கள்தான் அதிகம் ஏமாந்தார்கள். ஃபார்வர்டின் அனுபவம் கீப்பருக்கு முதலீடு. அது மட்டும் போதாது. கீப்பரின் கண்ணைத் தனியாகப் பழக்க வேண்டும். இடமாற்றத்தில் பழைய திறமை வீணாவதில்லை, புதிய பயிற்சி தேவையில்லாமல் போவதும் இல்லை.

நம் ஊர் மைதானங்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. எதற்கும் உதவாதவனை கோலில் நிறுத்துவது மிகப் பழைய தவறு. உயரமும், நீண்ட கையும், வாலிபால் ஆடிப் பந்தின் இறங்கும் நேரத்தைக் கணிக்கத் தெரிந்த கண்ணும் உள்ள பையனுக்கு ஏற்ற சிறப்பு வேலை அது. சிறு வயதில் பல விளையாட்டு ஆடுவது வீண் என்று எண்ண வேண்டாம். ஜெர்மனியின் தேசிய அணி ஆட்டக்காரர்களை ஆராய்ந்த ஆர்னே கூலிச் குழு, அவர்கள் தங்களுக்கு அடுத்த படியில் இருந்தவர்களை விடத் தெருக் கால்பந்தும் வேறு விளையாட்டுகளும் அதிகம் ஆடியவர்கள் என்று கண்டது. ஒரு விளையாட்டையே மாற்றி வென்றவர்களும் உண்டு. ஏழு நிகழ்ச்சிகள் கொண்ட ஹெப்டத்லானில் இருந்த பிரிட்டனின் லிஸ்ஸி யார்னல்டு, 2008 இல் ஒரு திறன் தேடல் திட்டத்தின் வழியாகப் பனிச்சறுக்கு ஸ்கெலிட்டன் போட்டிக்கு மாறினார். 2014 லும் 2018 லும் ஒலிம்பிக் தங்கம் வென்றார்.

இரண்டு ஆட்டத்தில் தீர்ப்பு வேண்டாம்

தியரி ஹென்ரி இத்தாலியின் யுவென்டஸ் அணியில் ஓரத்தில் ஆடிச் சோபிக்கவில்லை. 1999 ஆகஸ்டில் ஆர்சனலுக்கு வந்தார். பயிற்சியாளர் ஆர்சன் வெங்கர் அவரை நடுவில், கோலுக்கு நேராக ஆடச் சொன்னார். முதல் எட்டு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. நம் ஊராக இருந்தால் மூன்றாவது ஆட்டத்திலேயே பெஞ்சுக்குப் போயிருப்பார். வெங்கர் பொறுத்தார். அந்தப் பருவ முடிவில் ஹென்ரியின் கணக்கில் 26 கோல்.

கேரத் பேல் கதை இன்னும் கடினம். 2007 இல் லெஃப்ட் பேக்காக டாட்டன்ஹாம் அணியில் சேர்ந்தபோது அவருக்கு 17 வயது. அவர் ஆடிய முதல் 24 லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட அணி வெல்லவில்லை. காயங்களும் சேர்ந்துகொண்டன. பிறகு அவரைத் தடுப்புப் பொறுப்பிலிருந்து விடுவித்து முன்னால் விட்டார்கள். 2010 அக்டோபரில் இன்டர் மிலான் மைதானத்திலேயே மூன்று கோல் அடித்தார். 2013 இல் ரியல் மாட்ரிட் அவரை வாங்கியது உலகச் சாதனைத் தொகைக்கு.

புதிய இடத்தில் தொடக்கத் தடுமாற்றம் ஏன் வருகிறது? 1979 இல் ஷே, மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எளிய கை அசைவுகளை இரண்டு விதமாகக் கற்பித்தார்கள். ஒரு குழு ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தது. இன்னொரு குழு பல அசைவுகளைக் கலந்து செய்தது. பயிற்சியின்போது முதல் குழு நன்றாகச் செய்தது. பிறகு வைத்த சோதனையில் கலந்து கற்றவர்கள் முந்தினார்கள். கற்கும்போது தெரியும் தடுமாற்றமே பல நேரம் கற்றல் நடப்பதன் அடையாளம். இடம் மாறிய பையனின் முதல் இரண்டு ஆட்டங்களை வைத்து எதையும் அளக்க முடியாது.

இடமாற்றம் எல்லா நோய்க்கும் மருந்தும் அன்று. பந்தை நிறுத்தவோ, இரண்டு மீட்டர் தூரத்துக்கு நேராகத் தள்ளவோ தெரியாதவனைப் பத்து இடம் மாற்றினாலும் பயன் இல்லை. வீட்டில் சரியாகச் சாப்பிடாமல் வருபவனுக்கு மூச்சு வாங்குவது இடத்தின் குறை அன்று. மாதம் ஓர் இடம் என்று ஓயாமல் மாற்றிக்கொண்டே இருந்தால் எதிலும் வேர் பிடிக்காது. 1962 இல் ரஹீம் ஜர்னைலை மாற்றியது அந்த ஒரு தொடருக்கான தேவைக்காக. தங்கராஜின் மாற்றம் வாழ்நாளுக்கானது. இரண்டில் எது என்று முடிவு செய்துகொண்டு மாற்றுவது நல்லது.

பி.டி. சாருக்கும் பெற்றோருக்கும் செய்யக்கூடிய வேலை சிறியது. ஒரு கைபேசியில் பத்து நிமிட ஆட்டத்தைப் படம்பிடித்து, தடுமாறும் பையன் பந்து வருமுன் எத்தனை முறை சுற்றிப் பார்க்கிறான் என்று எண்ணுங்கள். எந்தக் கால் இயல்பானது, பாய்ந்து ஓடுபவனா நெடுநேரம் ஓடுபவனா, இந்த மூன்று மாதத்தில் எவ்வளவு வளர்ந்தான் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஏழு பேர் ஆடும் சிறிய ஆட்டங்களில் எல்லோரையும் எல்லா இடத்திலும் சுற்ற விடுங்கள். அவனிடமும் கேளுங்கள். எங்கே ஆடும்போது பயமில்லாமல் இருக்கிறது என்பது பல நேரம் அவனுக்கே தெரியும். அதன் பிறகு பொருந்தும் என்று தோன்றும் ஓர் இடத்தில் இரண்டு மாதமாவது விட்டுவைத்துப் பாருங்கள்.

ஒரு பையனுக்கு ஃபுட்பால் வராது என்று சொல்வதற்கு முன், அவனை எத்தனை இடத்தில் ஆட வைத்துப் பார்த்தோம் என்று சொல்லத் தெரிய வேண்டும். அந்த எண் ஒன்று என்றால், தீர்ப்புச் சொல்லும் தகுதி இன்னும் நமக்கு வரவில்லை.